விமானம் மாறும் இடைவேளையில் தில்லி

நம் விடுதி நண்பர்களிடம், "தில்லியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "எத்தனையோ முறை!" என்று விடை வரும். "என்ன பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். மூன்றாம் முனையத்தில் எந்தத் தூணின் அடியில் கைப்பேசிக்கு மின்னேற்றலாம், எந்தக் கடையில் தேநீர் விலை சற்றுக் குறைவு, எந்த நாற்காலி வரிசையில் கால் நீட்டிப் படுக்கலாம் என்பன யாவும் அவர்களுக்கு மனப்பாடம். குதுப் மினாரையோ பள்ளிப் பாடப் புத்தகத்தின் படத்தில் பார்த்ததோடு சரி.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊருக்குப் போக மலிவான சீட்டுத் தேடினால், தில்லியில் இறங்கி எட்டு மணி, பத்து மணி நேரம் காத்திருந்து, சென்னைக்கோ கோவைக்கோ மதுரைக்கோ வேறு விமானம் ஏறும்படியான சீட்டுத்தான் மாணவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு விடுமுறை. போக ஒரு முறை, வர ஒரு முறை. நான்கு ஆண்டுப் படிப்பில் 16 முறை தில்லியில் விமானம் மாறுகிறோம். முறைக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 128 மணி நேரம் ஆகிறது. ஐந்து பகல், ஐந்து இரவு, அதற்கு மேலும் எட்டு மணி! இவ்வளவு காலம் தலைநகரின் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பட்டம் பெற்று வேலைக்குப் போனபின், விடுப்பெடுத்துப் பணம் செலவழித்துத் தில்லி பார்க்க வருவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. அந்த இடைவேளையை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மை வெளியே போகவிடாமல் தடுப்பவை மூன்று: கையிலுள்ள பெட்டி, பணம், "விமானம் போய்விட்டால் என்ன செய்வது?" என்னும் அச்சம். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குள் ஒரு வேளை உண்ணும் செலவில் வெளியே அரைநாள் சுற்றி வரலாம். அச்சம் மட்டும் நியாயமானது. இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கியவர் இரண்டாவதைத் தவறவிட்டால், அந்தப் பணம் போயிற்று. அன்றைய விலையில் புதுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு மாதச் சாப்பாட்டுக் கட்டணம் ஒரே நொடியில் கரைந்துவிடும். ஆதலால் முதலில் கணக்கு, பிறகுதான் காட்சி.

இடைவேளைக் கணக்கை முன்னாலிருந்து போடக்கூடாது, பின்னாலிருந்து போட வேண்டும். காலை 8 மணிக்கு இறங்குகிறீர்கள். மாலை 6 மணிக்கு அடுத்த விமானம். பத்து மணி நேரம் கையில் இருப்பதாக மனம் மகிழ்கிறது. ஆனால் உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. 25 நிமிடம் முன்பே ஏறும் வாயிலை அடைத்துவிடுகின்றன. பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 4 மணிக்கு முனையத்தின் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு 3 மணி அளவில் நகரத்தில் ரயில் ஏற வேண்டும். இந்தப் பக்கம், விமானம் தரை தொட்டு, கதவு திறந்து, நடந்து, ரயிலடிக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி வரை. நகரம் சேர இன்னும் அரைமணி. 9.30 முதல் 3 வரை ஐந்தரை மணி நேரந்தான் உங்களுடையது. பத்து என்று வந்தது ஐந்தரை ஆயிற்று. இதே கணக்கில் ஆறு மணி நேர இடைவேளை ஒன்றரை மணியாகச் சுருங்கிவிடும். ஐந்து மணிக்கும் குறைவானால் பேசாமல் உள்ளேயே இருந்து புத்தகம் படியுங்கள். அதுவும் நல்ல காரியந்தான்.

பெட்டிக்கு வழி எளிது. இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் இருந்தால், பெட்டி எதுவரை போகிறது என்று புறப்படும் ஊரிலேயே கேட்டு, ஒட்டுச் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தில்லியில் கைவீசி நடக்கலாம். தனித்தனிச் சீட்டானால் பெட்டியைப் பெற்று, நிலையத்திலுள்ள பொருள் காப்பகத்தில் கட்டணம் கட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதை இழுத்துக்கொண்டு குதுப் மினார் பார்க்கப் போகலாம் என்று எண்ணாதீர்கள். மெட்ரோவின் ஒவ்வொரு வாசலிலும் பையைச் சோதனைப் பொறியில் இட வேண்டும், படிகள் உண்டு, கூட்டமும் உண்டு. இன்னொன்று: அடுத்த விமானம் எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை அன்றைக்கே பாருங்கள். தில்லியில் முதல் முனையம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் முனையங்கள் அருகருகே இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் விமானங்கள்கூட வெவ்வேறு முனையங்களில் நிற்பதுண்டு. அடையாள அட்டையும் சீட்டும் கையிலிருந்தால்தான் வாசற்காவலர் மீண்டும் உள்ளே விடுவார். சீட்டு கைப்பேசிக்குள் இருப்பதால், அதற்கு மின்சாரம் இருக்கிறதா என்பதும் கவனிக்கத் தக்கது.

இனி, எங்கே போவது? என் கருத்து இதுதான்: ஒரு ரயில் பாதை, ஒரு பக்கம், கூடினால் மூன்று இடம். தில்லி பெரிய ஊர். வடக்கே செங்கோட்டை, தெற்கே குதுப் மினார், கிழக்கே ஹுமாயூன் சமாதி என்று ஒரே நாளில் ஓடுகிறவர் உண்மையில் பார்ப்பது தில்லியின் சாலைக் குறுக்குச் சந்துகளைத்தான். எந்த முனையத்தில் இறங்குகிறீர்களோ, அதன் ரயில் எங்கே போகிறதோ, அங்கே போங்கள்.

மூன்றாம் முனையத்தில் இறங்கியவர்க்கு வாய்த்தது விமான நிலைய விரைவு மெட்ரோ. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நகரத்துக்குள் செல்லும் மற்ற பாதைகளைப்போல் அடிக்கடி நில்லாமல், ஏரோசிட்டி, தௌலா குவான், சிவாஜி ஸ்டேடியம் ஆகிய மூன்றே இடங்களில் நின்று, ஏறத்தாழ 20 நிமிடத்தில் புதுதில்லி ரயில் நிலையத்தைச் சேர்ந்துவிடுகிறது. கட்டணம் நூறு ரூபாய்க்கும் குறைவு. வாசலில் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் வாடகைக் கார்க்காரர்கள், "மெட்ரோ இன்று ஓடவில்லை, சார்" என்று அன்போடு சொல்வார்கள். அவர்கள் அன்புக்கு நன்றி கூறிவிட்டு, நேரே நடந்து போய் நம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வது நலம்.

புதுதில்லிவரை போகாமல் அதற்கு முந்திய சிவாஜி ஸ்டேடியத்தில் இறங்குங்கள். கன்னாட் பிளேஸின் ஓரம் அது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பங்ளா சாஹிப் குருத்துவாராவின் பொற்கலசம் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் அது ஆம்பேர் அரசர் மிர்சா ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாக இருந்தது. 1664-இல் சீக்கியரின் எட்டாம் குருவான ஹர் கிருஷன் அங்கே வந்து தங்கினார். அப்போது தில்லியில் பெரியம்மை பரவியிருந்தது. அந்தச் சிறுவர், நோயாளிகளுக்கு அவ்வீட்டுக் கிணற்று நீரைக் கொடுத்துப் பணி செய்தார் என்றும், அந்நோயே அவரையும் பற்றியது என்றும் சொல்கிறார்கள். இறந்தபோது அவருக்கு எட்டு வயதும் நிறையவில்லை. இன்று அங்கே பெரிய குளம் இருக்கிறது. காலணியை வாங்கி வைப்போரும், சமையற்கூடத்தில் சப்பாத்தி இடுவோரும் பலர் தொண்டர்களே. தலையை மூடத் துணி வாசலிலேயே கிடைக்கும். உணவுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணலாம், காசு கேட்பதில்லை. தில்லியில் இறங்கியதும் தோசைக் கடையைத் தேடி அலையும் நண்பர்களுக்கு ஒரு சொல்: இன்னும் சில மணி நேரத்தில் உங்கள் வீட்டில் தோசை கிடைக்கும், இந்தப் பருப்பும் சப்பாத்தியும் அங்கே கிடைக்கா. உண்டபின் தட்டுக் கழுவும் இடத்தில் கால் மணி நேரம் கைகொடுத்தால் யாரும் வேண்டாமென்பதில்லை.

அங்கிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் ஜந்தர் மந்தர். செய்தித்தாள் படிப்பவர்க்கு அது ஆர்ப்பாட்டம் நடக்கும் தெருவின் பெயர். அறிவியல் படிப்பவர்க்கோ அது தில்லியிலேயே சிறந்த இடம் என்பேன். முன் சொன்ன ஜெய்சிங்கின் வழிவந்த சவாய் ஜெய்சிங் 1724-இல் எழுப்பிய வானாய்வுக்கூடம் அது. தொலைநோக்கி கிடையாது, கண்ணாடி கிடையாது, எல்லாம் கல்லும் காரையும். கருவி சிறிதாக இருந்தால் அளவில் பிழை நேர்கிறது என்று கண்டு, கருவியையே கட்டடமாகக் கட்டிவிட்டார். தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் இத்தகைய கூடங்களை அமைத்தார். மதுராவில் இருந்தது இன்று இல்லை.

நடுவே நிற்கும் மாபெரும் முக்கோணச் சுவர் 'சாம்ராட் யந்திரம்'. உயரம் ஏறத்தாழ 70 அடி. அது ஒரு நிழற்கடிகாரம். அதன் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக வட துருவத்தை நோக்கியிருக்கிறது. ஆகவே அது தரையோடு ஏற்படுத்தும் கோணம், தில்லியின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு, ஏறத்தாழ 28½ பாகை. சென்னையில் இதைக் கட்டியிருந்தால் சரிவு 13 பாகைதான். கோபுரம் போல் நிமிராமல் சரிவான மேடை போலப் படுத்திருக்கும். இரு பக்கமும் வளைந்து எழும் பிறைகளில் நிழல் விழுந்து மணி காட்டும்.

அங்கே நின்று உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். நிழல் சொல்லும் மணியும் கடிகாரம் சொல்லும் மணியும் ஒத்து வாரா. கருவி பழுதில்லை. இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. தில்லியோ 77 பாகையை அடுத்து மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகத் தில்லிச் சூரியன் நம் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 21 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறான். சென்னையில் இது 9 நிமிடந்தான். இந்த 21-உம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. பூமியின் பாதை சரியான வட்டமன்று, அச்சும் சாய்ந்தது; ஆதலால் நவம்பர்த் தொடக்கத்தில் வேறுபாடு 5 நிமிடமாகக் குறைகிறது, பிப்ரவரி நடுவில் 35 நிமிடமாக வளர்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை பார்த்தால், இந்த மாறுதலையே பிடித்துவிடலாம்! சுற்றிலும் எழுந்துவிட்ட உயர்ந்த கட்டடங்கள் இன்று சில வேளைகளில் வெயிலை மறைக்கின்றன. ஆகையால் நண்பகலை ஒட்டிப் போவது நல்லது.

இன்னும் கால் மணி நேரம் நடந்தால் அக்ரசேன் கி பாவ்லி. படிக்கிணறு என்று சொல்லலாம். நீளம் ஏறத்தாழ 60 மீட்டர். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. கட்டியவர் யார் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. இரண்டு பக்கமும் வளைவு மாடங்கள். தலைக்கு மேலே கன்னாட் பிளேஸின் மாடிக் கட்டடங்கள். அரைமணி போதும்.

முதல் முனையத்தில் இறங்குபவர்க்குக் கதை வேறு. அங்கே 2018 முதல் மெஜந்தா பாதை ரயில் ஓடுகிறது. கிழக்கு நோக்கி ஆறாவது நிறுத்தம் ஹௌஸ் காஸ். அங்கே மஞ்சள் பாதைக்கு மாறித் தெற்கே மூன்றாவது நிறுத்தம் குதுப் மினார். நிலையத்திலிருந்து நினைவுச்சின்னத்துக்கு ஆட்டோ வேண்டும்.

கோபுரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 72½ மீட்டர் உயரம். குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், இடி விழுந்து சிதைந்தபின் பிரோஸ் ஷா துக்ளக் மேல் நிலைகளைப் புதுப்பித்தார். உள்ளே ஏற முடியாது. 1981 டிசம்பரில் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்தபின் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. புல்வெளியில் தனியே ஒரு சிறு கல் மண்டபம் நிற்பதைக் காண்பீர்கள். அதை 1828-இல் ராபர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கோபுரத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கி வைத்தார். அப்படியே கிடக்கிறது. சற்றுத் தள்ளி அலாவுத்தீன் கில்ஜியின் முற்றுப்பெறாத அலாய் மினார். குதுப் மினாரைப்போல் இரு மடங்கு உயர வேண்டும் என்று தொடங்கி, முதல் நிலையோடு நின்றுபோனது. இன்று கரடுமுரடான வெறுங்கல் குவியல். எனக்கு என்னவோ அதன்மேல் ஒரு பரிவு.

நான் நெடுநேரம் நிற்பது இரும்புத் தூணின் முன்தான். 7 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 6 டன்னுக்கு மேல் எடை, ஏறத்தாழ 1,600 ஆண்டு வயது. சந்திரன் என்னும் அரசனைப் புகழும் வடமொழிக் கல்வெட்டைப்போல் எழுத்துகள் அதன் மேனியில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் முடிவு. இவ்வளவு காலம் மழையிலும் பனியிலும் நின்றும் அது துருப்பிடித்து அழியாதது ஏன்? மாயமில்லை, வேதியியல். அக்காலத்து உலைகளில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக நின்றுவிட்டது. இன்றைய உருக்காலைக்காரர் அதைக் குற்றமென்று நீக்குவார். அந்தப் பாஸ்பரஸ், இரும்பும் துருவும் சேருமிடத்தில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகத் துணை செய்தது. துருவே துருவைத் தடுத்தது எனலாம். தில்லியின் வறண்ட காற்றும் உதவியது. இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று மக்கள் வரிசையாக நின்றார்கள். கைபட்டுத் தேய்ந்ததால் 1997-இல் வேலி போட்டுவிட்டார்கள்.

அதே மெஜந்தா பாதையில் இரண்டாவது நிறுத்தமான வசந்த் விஹாரில் இறங்கி ஆட்டோ வைத்தால் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். தில்லித் தமிழர் ஒன்றுசேர்ந்து குன்றின்மேல் எழுப்பிய சுவாமிநாதசுவாமி கோயில். 1973-இல் குடமுழுக்கு நடந்தது. மேலே சோழர் பாணி, கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னதிகள் பாண்டியர் பாணி. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பக்தி உள்ளவர்க்குக் கோயில். இல்லாதவர்க்கும், வேலைக்காக வடக்கே வந்த நம்மவர் ஒரு தலைமுறைக்குள் என்ன செய்தார்கள் என்று காட்டும் இடம்.

பத்து மணி நேரத்துக்குமேல் இடைவேளை உள்ளவர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மொகஞ்சதாரோவின் நடன மங்கை அங்கே இருக்கிறாள். பார்த்தவர் எல்லாரும் முதலில், "இவ்வளவு சிறியவளா!" என்பார்கள், உயரம் 10½ சென்டிமீட்டர்தான். சோழர் செப்புத் திருமேனிகளும் உண்டு. அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் இருப்பதால் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அதற்கும் விடுமுறை, செங்கோட்டைக்கும் விடுமுறை. செங்கோட்டையை இடைவேளைக்கு உரிய இடமாக நான் கருதவில்லை. அது அரைநாளை விழுங்கும், வழியும் நெரிசல். "ஆக்ராவுக்கே போய் வந்துவிடலாம்" என்று சொல்லும் நண்பரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாகின்றன. வந்து சேரும் விமானம் பிந்தினால் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். பழைய திட்டத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மே, ஜூனில் வெயில் 45 பாகையைத் தொடும். அப்போது நண்பகலுக்கு முன்பே திரும்பிவிடுங்கள். வெளிநாடு போகும் நண்பர்கள் இதே முறையைத் துபாயிலோ சிங்கப்பூரிலோ கையாள நினைத்தால், அங்கே வாசலைக் கடக்க விசா வேண்டுமா என்பதைச் சீட்டு வாங்குமுன்னரே பார்க்க வேண்டும். நம் நாட்டுக்குள் அந்தத் தொல்லை இல்லை.

நள்ளிரவில் இறங்கி நண்பகலில் ஏறுகிறவர்களும் நம்மில் உண்டு. இரவில் வெளியே அலைய வேண்டாம், மெட்ரோவும் கிடையாது. விடியற்காலை சுமார் 5 மணிக்கு முதல் ரயில் கிளம்பும். புதுதில்லியில் மஞ்சள் பாதைக்கு மாறி, ஆறாவது நிறுத்தமான ஜோர் பாக்கில் இறங்கினால் லோதி தோட்டம். கட்டணம் இல்லை. 1936-இல் பூங்காவாக்கப்பட்டது. புல்வெளிக்கு நடுவே சையத், லோதி அரசர்களின் சமாதிகள் இருக்கின்றன. 1517-இல் இறந்த சிக்கந்தர் லோதி ஒரு மூலையில் சுற்றுச்சுவருக்குள் உறங்குகிறார். அவரைச் சுற்றித் தில்லியின் அதிகாரிகளும் ஓய்வு பெற்றோரும் வேகவேகமாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். மரப் பெஞ்சில் சாய்ந்து, கிளிகள் குவிமாடத்துக்கும் மரத்துக்கும் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 8 மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கினால், 9.30-க்குள் முனையத்தின் வாசலுக்கு வந்துவிடலாம்.